தந்தி மத்தளமான கதை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பொற்றாமரைக் குளத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது வடக்குக் கோபுரத்தின் பக்கமும் கொஞ்சம் நடந்து பாருங்கள். அங்கே இசைத் தூண்கள் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே கருங்கல்லில் குடைந்து செதுக்கியது. நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றிலும் 22 மெல்லிய சிறு தூண்கள். தட்டினால் ஒவ்வொரு சிறு தூணும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும்.

ஆனால் நீங்கள் தட்டிப் பார்க்க வேண்டாம். வருகிறவர்கள் எல்லாம் ஆசைக்கு ஒரு தட்டு தட்டினால் கல் என்னத்துக்கு ஆகும்?

அதற்குப் பதிலாக வீட்டில் ஒரு விளையாட்டு ஆடுங்கள். தம்பியையோ தங்கையையோ கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு கரண்டியால் எவர்சில்வர் தம்ளர், மண்பானை, அம்மிக்கல், மரப்பலகை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுங்கள். எது எந்தப் பொருள் என்று கேளுங்கள். ஒன்றுகூடத் தப்பாமல் சொல்லி விடுவார்கள்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கண் பார்க்கவில்லை, கை தொடவில்லை. காற்றில் வந்த சிறிய அதிர்வு மட்டுமே காதுக்குள் போயிற்று. அதை வைத்துக்கொண்டு ‘இது கல், இது மரம்’ என்று காது எப்படிக் கண்டுபிடித்தது?

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், வழியில் பாரிஸ் நகரத்தில் ஒரு பியானோவையும் நம் ஊர் மிருதங்கத்தையும் சந்திக்கலாம். வாருங்கள், போவோம்.

ஒரே சுரம், பல குரல்

பள்ளிப் பாடத்தில் ஒலிக்கு மூன்று இயல்புகள் என்று படித்திருப்பீர்கள். உரப்பு, சுருதி, பண்பு. உரப்பு என்பது ஒலி பலமாக இருக்கிறதா, மெதுவாக இருக்கிறதா என்பது. சுருதி என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பது. மூன்றாவதாக உள்ள பண்புதான் நம் கதாநாயகன்.

நாகசுரம், புல்லாங்குழல், வயலின் மூன்றும் ஒரே ‘ச’வை வாசிப்பதாக வைத்துக் கொள்வோம். மூன்றும் வினாடிக்கு 240 முறை அதிர்கின்றன. உரப்பும் ஒன்றே. ஆனாலும் நாகசுரத்தைப் புல்லாங்குழல் என்று யாராவது சொல்வார்களா?

காரணம் இதுதான். எந்த வாத்தியமும் தனியாக ஒரே ஓர் அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. இழுத்துக் கட்டிய தந்தியை மீட்டினால் அது முழு நீளத்துக்கும் அதிர்கிறது. அதே சமயம் இரண்டு பாதிகளாகவும் அதிர்கிறது. மூன்று பங்காகவும், நான்கு பங்காகவும் அதிர்கிறது. ஆகவே 240 என்ற அடிப்படைச் சுரத்தோடு 480, 720, 960 என்று பல மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. எந்த மேற்சுரம் எவ்வளவு பலமாக இருக்கிறது, எது சட்டென்று அடங்குகிறது, எது நீடித்து நிற்கிறது என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். புல்லாங்குழலில் மேற்சுரங்கள் குறைவு, அதனால் மென்மை. நாகசுரத்தில் அதிகம், அதனால்தான் தெருக்கோடி வரை கணீர் என்று கேட்கிறது.

சமையலில் உப்பும் புளியும் காரமும் கலக்கிற அளவைப் பொறுத்துக் குழம்பின் ருசி மாறுவதுபோல, மேற்சுரங்களின் கலவையைப் பொறுத்து ஒலியின் பண்பு மாறுகிறது. ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். ஓவியத்தில் நிறம் எப்படியோ, இசையில் பண்பு அப்படி.

ஒலியால் வண்ணம் தீட்டியவர்

அந்த நிறத்தையே முக்கியமாகப் பிடித்துக்கொண்டவர் ஒருவர் பிரான்சு நாட்டில் இருந்தார். அவர் பெயர் க்ளோத் டெபுஸி. 1862-இல் பிறந்து 1918-இல் மறைந்தவர்.

அவருடைய காலத்தில் பிரெஞ்சு ஓவியர்கள் சிலர் புது வழியில் படம் வரைந்தார்கள். கோடு போட்டு உருவத்தை அச்சாக வரையாமல், நீரின் மேல் வெயில் பட்டு மினுங்கும் அந்தக் கணத்தை வண்ணத் தீற்றல்களால் பிடிக்கப் பார்த்தார்கள். மோனே என்ற ஓவியர் வரைந்த சூரியோதயப் படம் 1874-இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் தலைப்பில் இருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கேலியாக வைத்த பெயர்தான் ‘இம்ப்ரஷனிசம்’. டெபுஸியின் இசைக்கும் பிறகு அந்தப் பெயரையே சூட்டினார்கள்.

அவருடைய புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ரா இசை ‘லா மேர்’. அப்படியென்றால் ‘கடல்’. விடியல் முதல் நண்பகல் வரை கடல், அலைகளின் விளையாட்டு, காற்றும் கடலும் பேசிக்கொள்வது என்று மூன்று பகுதிகள். 1905 அக்டோபர் 15 அன்று பாரிஸில் முதன்முதலாக வாசித்தார்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1903-இல் இந்தக் கடலை அவர் எழுதத் தொடங்கியது கடலோரத்தில் அல்ல. நாட்டின் உட்பகுதியில் இருக்கும் பர்கண்டி என்ற பகுதியில்! மதுரையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போக வேண்டும். பல மாதங்கள் வைகையில்கூட மணல்தான் தெரியும். அப்படிப்பட்ட ஓர் ஊரில் உட்கார்ந்து, நினைவிலிருக்கும் கடலை எழுதுவதுபோலத்தான் அது.

அலையின் ஓசைக்குக் குறிப்பிட்ட சுருதி கிடையாது. பலவிதமான அதிர்வெண்கள் குழம்பிக் கலந்த இரைச்சல் அது. வயலினும் குழலும் அந்த இரைச்சலை அப்படியே செய்து காட்ட முடியாது. டெபுஸி அதைச் செய்யவும் முயலவில்லை. வாத்தியங்களின் நிறத்தைக் கலந்தார். ஒரு சிறு சுர வரிசையைக் குழலிடம் கொடுத்தார். உடனே அதை வேறொரு வாத்தியத்துக்கு மாற்றினார். ஓரிடத்தில் 16 செல்லோக்களை நான்கு அணிகளாகப் பிரித்து வாசிக்கச் சொன்னார். செல்லோ என்பது வயலினின் பெரியண்ணன். தரையில் நிறுத்தி வாசிப்பது. பதினாறும் சேரும்போது ஒரு செல்லோவின் குரல் கேட்காது. திரண்டு வரும் நீரின் பாரம் கேட்கும்.

முதல் நாள் கேட்டவர்களில் எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. தனக்குக் கடல் கேட்கவும் இல்லை, தெரியவும் இல்லை, மணக்கவும் இல்லை என்று ஒரு விமரிசகர் பத்திரிகையில் எழுதினார். இன்றோ உலகெங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்கள் அதை வாசிக்கின்றன.

இந்தக் காது அவருக்கு எங்கிருந்து வந்தது? பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று கிழக்கிலிருந்து போனது. 1889-இல் பாரிஸில் ஒரு பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. ஈஃபில் கோபுரம் கட்டியது அந்தக் கண்காட்சிக்காகத்தான். அங்கே ஜாவாத் தீவுக் கலைஞர்கள் ‘கமெலான்’ வாசித்தார்கள். வெண்கலத் தட்டுகளும் மணிகளும் சேர்ந்த வாத்தியக் குழு அது. இருபத்தேழு வயது டெபுஸி அதைக் கேட்டு வியந்து போனார்.

சென்னைக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

டெபுஸி ஜாவாவுக்குப் போகவில்லை; ஜாவாதான் பாரிஸுக்கு வந்தது. அவருக்கு அடுத்த தலைமுறையில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் கப்பலேறி நம் நாட்டுக்கே வந்துவிட்டார்! அவர் பெயர் மொரீஸ் டெலாஜ். 1879-இல் பிறந்தவர். ராவெல் என்ற பெரிய இசையமைப்பாளரின் மாணவர்.

1912-இல் இந்தியாவில் பயணம் செய்த டெலாஜ், ‘நான்கு இந்தியக் கவிதைகள்’ என்ற பொருளில் பெயரிட்டு ஓர் இசைப் படைப்பை எழுதினார். நான்கு பாட்டுகளுக்கும் நான்கு ஊர்களின் பெயர்கள்: மதராஸ், லாகூர், பனாரஸ், ஜெய்ப்பூர். ஒரு பெண் குரல். கூடவே குழல்கள், ஓபோ, கிளாரினெட்டுகள், ஹார்ப், வயலின் வகை வாத்தியங்கள் நான்கு. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. ஆனால் ஒவ்வொரு வாத்தியத்தின் நிறமும் தனித்தனியாகத் தெரியும். 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் இது அரங்கேறியது.

டெலாஜின் காதில் ஆழமாகப் பதிந்த குரல் ஒரு தமிழ்ப் பெண்மணியுடையது. அவர்தான் கோயம்புத்தூர் தாயி. 1872 முதல் 1917 வரை வாழ்ந்தவர். தேவதாசி மரபில் வந்த பாடகி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைத்தட்டு நம் நாட்டுக்கு வந்தபோது துணிந்து பாடிப் பதிவு செய்தவர்களில் ஒருவர். ‘இயந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும்’ என்றுகூடச் சிலர் பயந்த காலம் அது!

அந்தக் காலத்துப் பதிவில் மைக்கும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. பாடுகிறவர் ஒரு பெரிய கூம்புக் குழாயின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். ஒலி, குழாயின் மறு நுனியில் உள்ள மெல்லிய தகட்டை அதிர வைக்கும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டு அடங்கினால் அதிகம். மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் பதிவாகாது. மேற்சுரங்கள் பல போய்விடும். அப்படி மெலிந்து போன பிறகும் தாயியின் குரலில் இருந்த குழைவு டெலாஜை விடவில்லை.

இசைத்தட்டின் கதையில் மதுரைக்கும் ஓர் இடம் உண்டு. வீணை வாசித்த சண்முகவடிவின் மகளாக 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, பத்து வயதிலேயே தம் முதல் இசைத்தட்டுக்குப் பாடிவிட்டார்.

டெலாஜுக்கு ஒரு சங்கடம் வந்தது. தட்டில் கேட்டதை ஐரோப்பிய முறைப்படி ஐந்து கோடுகளில் எழுத வேண்டும். அந்த முறையில் ஒவ்வொரு சுரமும் ஒரு புள்ளி. நம் பாட்டிலோ சுரம் புள்ளியாக நிற்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குகிறது, அசைகிறது, சுழல்கிறது. அதைத்தானே கமகம் என்கிறோம்? ‘எழுத வராததை விட்டுவிடலாம்’ என்று டெலாஜ் நினைக்கவில்லை. வாத்தியங்களின் பழக்கத்தையே மாற்றப் பார்த்தார். ‘லாகூர்’ பாட்டில் செல்லோக்காரர் தந்தியை விரலால் சுண்டிவிட்டு, ஒலி அடங்குவதற்குள் விரலை வழுக்க வேண்டும். பாடுகிறவர் வாயை மூடியும் திறந்தும் இசைக்க வேண்டும்.

ஒரு துண்டு அட்டை

டெலாஜ் அதோடு நிற்கவில்லை. தாயி பாடிய அருட்பாப் பாட்டின் இசைத்தட்டை வைத்துக்கொண்டு ‘ராகமாலிகா’ என்றே பெயரிட்டு ஒரு பாட்டை எழுதினார். பாடுவது தமிழ்ப் பாட்டு. பக்க வாத்தியம் பியானோ.

மிருதங்கத்துக்கு எங்கே போவது? பியானோவில் சாவியை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் போய்த் தந்தியைத் தட்டும். தந்தி கணகணவென்று நெடுநேரம் ஒலிக்கும். மத்தளம் அப்படியா ஒலிக்கிறது? ‘தொம்’ என்று எழும்பி அடங்கிவிடுகிறதே!

டெலாஜ் என்ன செய்தார் தெரியுமா? தாழ்ந்த ஒரு குறிப்பிட்ட சுரத்தின் தந்திக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகச் சொல்லி எழுதிவிட்டார். வினாடிக்குச் சுமார் 117 அதிர்வுள்ள சுரம் அது. அட்டை தந்தியோடு உராய்கிறது. அதிர்வின் ஆற்றலை உறிஞ்சிக் கொள்கிறது. உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் செத்துப் போகின்றன. அடிப்படைச் சுரமும் சீக்கிரமே அடங்குகிறது. கேட்பது தந்தியின் குரல் அல்ல, தோலின் குரல். தந்தி மத்தளமாகி விட்டது!

பியானோவுக்குள் பொருள்களைச் செருகி அதன் பண்பை மாற்றும் வழக்கம், 1940-ஐ ஒட்டி அமெரிக்காவின் ஜான் கேஜ் திருகாணிகளையும் ரப்பரையும் செருகிய பிறகுதான் புகழ்பெற்றது. அதற்கு முன்பே ஓர் அட்டைத் துண்டு அந்த வேலையைச் செய்துவிட்டது.

கரணையின் ரகசியம்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே இதற்கு நேர் எதிரான அதிசயம் ஒன்று பல காலமாக நடந்து வந்திருக்கிறது.

தோல் வாத்தியங்களுக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. தந்தியின் மேற்சுரங்கள் 100, 200, 300 என்று ஒழுங்காக வரும் என்று பார்த்தோம். ஒரே சீரான தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அப்படி வராது. அடிப்படை 100 என்றால் அடுத்தவை 159, 214, 230 என்று தாறுமாறாக இருக்கும். ஒன்றோடொன்று ஒத்துப் போகாததால் தெளிவான சுருதி கிடைக்காது. ‘கொட்டு வாத்தியம் சத்தம் போடும், சுரம் பாடாது’ என்று மேல்நாட்டுப் பௌதிகம் நினைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கிறார்களே! வலந்தலையில் கை பட்டால் பாடகரின் ‘ச’ தெளிவாகக் கேட்கிறதே! எப்படி?

ரகசியம் வலந்தலையின் நடுவில் உள்ள கரிய வட்டத்தில் இருக்கிறது. கரணை என்றும் சோறு என்றும் அதைச் சொல்வார்கள். ஒருவகைக் கரிய கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, பல அடுக்குகளாக ஏற்றுவார்கள்.

அந்தப் பாரம் என்ன செய்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எண்கள் விளங்குவதற்காக மட்டும். அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் அதிகமாக ஏறி இறங்கும். ஆகவே நடுவில் பாரம் வைத்தால் அந்த அதிர்வு மிகவும் தாமதப்படும். 100 என்பது 71-க்கு இறங்கும். அடுத்த அதிர்வில் தோலின் ஒரு பாதி ஏறும்போது மறு பாதி இறங்கும், மையம் அசையாது. ஆனால் கரணை அகலமானது என்பதால் அதுவும் ஓரளவு தாமதப்படும். 159 என்பது 142 ஆகும். 214, 230 இரண்டும் 213-ஐ ஒட்டி வந்து சேர்ந்துவிடும். இப்போது 71, 142, 213 என்ற எண்களைப் பாருங்கள். 71-இன் இரு மடங்கு, மும்மடங்கு! தந்திக்கு உரிய ஒழுங்கு தோலுக்கு வந்துவிட்டது.

இதை விஞ்ஞான உலகுக்கு எடுத்துச் சொன்னவர், திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். கல்கத்தாவில் இருந்தபோது 1920-இல் இது பற்றி ‘நேச்சர்’ பத்திரிகையில் எழுதினார். பிறகு தோலின் மீது நுண்ணிய மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று கோலம்போலக் காட்டினார். முதல் ஐந்து சுரங்கள் தந்தியில் இருப்பதுபோலவே ஒழுங்காக அமைவதைக் கண்டார்.

ஆனால் ராமன் இதைக் கண்டுபிடித்து யாருக்கும் கற்றுக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை விளக்கினார். கணக்கும் கருவியும் இல்லாமல், காதையும் விரலையும் நம்பி, பூசித் தேய்த்துத் தட்டிக் கேட்டு, மறுபடி பூசி இந்த ஒழுங்கைக் கண்டவர்கள் வாத்தியம் செய்த தொழிலாளிகள். தோலைப் பதப்படுத்தி, வாரை இழுத்து, கரணை வைத்த அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் புத்தகங்களில் இல்லை.

பாரிஸில் ஒருவர் தந்தியின் மேற்சுரங்களைக் கொன்று அதைத் தோலாக்கினார். இங்கே தோலின் மேற்சுரங்களைத் திருத்தி அதைத் தந்தியாக்கினார்கள். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. பொருளில் சிறிய மாற்றம். பண்பில் பெரிய மாற்றம்.

செய்து பாருங்கள்

1. ஒரு பலகையில் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு ஆணி அடியுங்கள். மெல்லிய கம்பியை இறுக்கிக் கட்டுங்கள். இரு முனைகளிலும் கம்பிக்கு அடியில் ஒரு பென்சில் துண்டு வைத்துத் தூக்கிவிடுங்கள். சுண்டிக் கேளுங்கள். இப்போது பழைய அஞ்சலட்டை ஒன்றை மடித்து, ஒரு முனைக்கு அருகில் கம்பி தொடுமாறு அடியில் செருகுங்கள். மறுபடி சுண்டுங்கள். டெலாஜின் மத்தளம் தயார்! அட்டையை நடுவுக்கு நகர்த்தினால் என்ன ஆகிறது? துணியைச் செருகினால்? குறித்து வையுங்கள்.

2. பால்பவுடர் டப்பா ஒன்றின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டுங்கள். விளிம்பருகே விரலால் தட்டிக் கேளுங்கள். பிறகு நீர் விட்டுப் பிசைந்த கோதுமை மாவில் ஒரு சிறு வட்டத்தை ரப்பரின் நடுவில் ஒட்டி மறுபடி தட்டுங்கள். சுருதி ஏறியதா, இறங்கியதா? மாவைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். மிருதங்கத்தின் இடந்தலையில் கச்சேரிக்கு முன்பு ரவையைப் பிசைந்து அப்புவது ஏன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

3. உங்கள் ஊரிலோ பக்கத்திலோ மிருதங்கம், தவில், பறை செய்கிறவர் இருந்தால், வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்தத் தோல், எத்தனை பூச்சு, எதைக் கேட்டு ‘போதும்’ என்று நிறுத்துகிறார் என்று கேளுங்கள். மறக்காமல் அவருடைய பெயரையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.